காலேஜ் ஃபுட்பால்: தரவரிசை, பிளேஆஃப் வாய்ப்பு, டிஃபென்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது; நம் கால்பந்து அல்ல) மேல்மட்டப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 2025 சீசனில் 136 அணிகள் இருந்தன. ஓர் அணிக்கு வழக்கமான சீசனில் 12 ஆட்டங்கள்தான். 136 பேரில் 12 பேரோடு மட்டும் ஆடிய அணியை மற்றவர்களோடு எப்படி ஒப்பிடுவது? தரவரிசை பற்றிய எல்லாச் சண்டைக்கும் வேர் இதுதான். கீழே உள்ள விதிகள் 2025 சீசன் நடந்த முறைப்படி சொல்லப்பட்டவை.

ஒரே வாரத்தில் மூன்று தரவரிசைகள் வருகின்றன. எது செல்லும்?

தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணிகளின் நாக்அவுட் தொடர்தான் பிளேஆஃப். அதற்குச் செல்லுபடியாவது ஒன்றே ஒன்று: அணிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்குழுவின் பட்டியல். அது நவம்பர் தொடக்கத்தில்தான் முதல்முறை வெளிவரும். பிறகு செவ்வாய்க்கிழமைகளில் புதுப்பிக்கப்பட்டு, கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்திருக்கும் லீக்) இறுதி ஆட்டங்கள் முடிந்த ஞாயிறன்று இறுதியாகும்.

மற்ற இரண்டும் கருத்துக்கணிப்புகள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஏபி பட்டியல் 1936 முதல் விளையாட்டுச் செய்தியாளர்கள் போடுவது. பயிற்சியாளர்கள் பட்டியல் 1950இல் தொடங்கியது. தேசிய சாம்பியன் யார் என்பதையே ஒரு காலத்தில் இவைதான் முடிவு செய்தன. 2003 சீசனில் பயிற்சியாளர்கள் பட்டியல் எல்எஸ்யூவையும் (லூசியானா ஸ்டேட்) ஏபி பட்டியல் யுஎஸ்சியையும் (சதர்ன் கலிபோர்னியா) முதலிடத்தில் வைத்ததால், ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள். இன்று இவை பேச்சுக்குத்தான் உதவும். ஆனாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வேறு பட்டியல் இல்லாததால், எந்த அணி பெரிய அணி என்ற எண்ணம் இவற்றைப் பார்த்துத்தான் உருவாகிறது.

ஏபி பட்டியலில் புள்ளிகள் எப்படிக் கூடுகின்றன?

ஒவ்வொரு வாக்காளரும் 25 அணிகளை வரிசைப்படுத்துவார். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கி 25ஆம் இடத்துக்கு 1. எல்லாருடைய புள்ளிகளையும் கூட்டினால் பட்டியல் வந்துவிடும். வாக்காளர் எண்ணிக்கை அறுபதைத் தாண்டும்.

அடுத்தடுத்த இரு அணிகளுக்கு நடுவே எவ்வளவு புள்ளி இடைவெளி என்று பாருங்கள். 8ஆம் அணிக்கும் 9ஆம் அணிக்கும் பத்துப் புள்ளிதான் வித்தியாசம் என்றால் அவை சமம் என்றே பொருள். நூற்றைம்பது புள்ளி இடைவெளி என்றால் வாக்காளர்கள் ஏறக்குறைய ஒருமனதாக இருக்கிறார்கள்.

சீசன் தொடங்கும் முன் வரும் பட்டியலை நம்பலாமா?

போன ஆண்டு நினைவும், பயிற்சியாளரின் பெயரும், ஆள்சேர்ப்பும் கலந்த மதிப்பீடு அது. 2025இல் ஏபி தொடக்கப் பட்டியலில் டெக்சஸ் முதலிடம், பென் ஸ்டேட் இரண்டாமிடம், கிளெம்சன் நான்காமிடம். மூன்றுமே பிளேஆஃபுக்குப் போகவில்லை. பென் ஸ்டேட் அக்டோபரிலேயே தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது. அதே பட்டியலில் 20ஆம் இடத்தில் இருந்த இண்டியானா 16 ஆட்டங்களையும் வென்று சாம்பியன் ஆனது.

இப்போது இந்தப் பிழை கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவுத் தளம் வழியாக வீரர்கள் பல்கலைக்கழகம் மாறுவது எளிதாகிவிட்டது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் அனுமதி உண்டு. ஒரே குளிர்காலத்தில் பாதித் தொடக்க வரிசை மாறிவிடக்கூடிய அணியை, போன ஆண்டை வைத்து எடைபோடுவது சிரமம். தொடக்கப் பட்டியலைவிட, டிஃபென்ஸில் (எதிரணியைத் தடுக்கும் வரிசை) எத்தனை தொடக்க வீரர்கள் திரும்பி வருகிறார்கள், அதை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் அதே ஆள்தானா என்ற இரண்டு தகவல்கள் அதிகம் சொல்லும்.

தேர்வுக்குழு உள்ளே எப்படி வாக்களிக்கிறது?

குழுவில் 13 பேர். டெக்சஸ் மாநிலத்தின் கிரேப்வைனில் ஒரு ஹோட்டலில் கூடுவார்கள். முதலில் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றும் சிறந்த 30 அணிகளை வரிசையில்லாமல் எழுதித் தருவார். மூன்று பேராவது எழுதிய அணி மட்டுமே விவாதத்துக்கு வரும். பிறகு ஒரு சிறு கூட்டம் அணிகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றை ஒவ்வொருவரும் 1, 2, 3 என வரிசைப்படுத்துவார்கள். இங்கே குறைந்த கூட்டுத்தொகை பெற்ற அணிகள் இடம்பிடிக்கும். மீதி அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். 25 இடமும் நிரம்பும்வரை இது தொடரும். தமக்கு நேரடித் தொடர்புள்ள பல்கலைக்கழகத்தைப் பற்றி வாக்களிக்கும்போது அந்த உறுப்பினர் விலகி நிற்க வேண்டும்.

ஒட்டி நிற்கும் அணிகளைப் பிரிக்கச் சொல்லப்பட்ட அளவுகோல்கள்: ஆடிய எதிரணிகளின் வலிமை, ஒருவரோடொருவர் ஆடிய முடிவு, பொது எதிரணிகளோடு வந்த முடிவுகள், கான்ஃபரன்ஸ் பட்டம், முக்கிய வீரரின் காயம் போன்ற பிற நிலைமைகள். 2025இல் எதிரணி வலிமையைக் கணக்கிடும் அளவை மாற்றி, பலமான அணிகளோடு ஆடிய ஆட்டங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள்.

கவனியுங்கள், அணிகள் சிறு கூட்டங்களாகத்தான் ஒப்பிடப்படுகின்றன. யாரோடு சேர்த்து உங்கள் அணி ஒப்பிடப்படுகிறது என்பதே சில நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

12 இடங்கள் எப்படி நிரம்புகின்றன?

குழுவின் பட்டியலில் மிக உயரத்தில் உள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. மீதி ஏழு இடங்கள், பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் அணிகளுக்கு. முதல் நான்கு அணிகளுக்கு முதல் சுற்று ஓய்வு. 5 முதல் 12 வரையிலான அணிகள் முதல் சுற்று ஆடும். 5 முதல் 8 வரை உள்ளவர்களுக்குச் சொந்த மைதானம். காலிறுதியும் அரையிறுதியும் ரோஸ், ஷுகர், ஆரஞ்ச், காட்டன், பீச், ஃபியெஸ்டா ஆகிய ஆறு பௌல் ஆட்டங்களில் (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்கள்) சுழற்சி முறையில் நடக்கும்.

12 அணிகள் முறை 2024இல் தொடங்கியபோது ஓய்வு, சாம்பியன்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதனால் பட்டியலில் 9ஆம் இடத்தில் இருந்த பாய்சி ஸ்டேட்டும் 12ஆம் இடத்தில் இருந்த அரிசோனா ஸ்டேட்டும் மூன்றாம், நான்காம் தரவிதைகளாகி (பிளேஆஃபில் தரும் வரிசை எண்) ஓய்வு பெற்றன. அடுத்த ஆண்டே அதை மாற்றி, பட்டியல் வரிசையே தரவிதை வரிசை என்றாக்கினார்கள். நல்ல திருத்தம்.

12 இடம் என்றால் 12ஆம் இடத்தில் இருக்கும் அணிக்கு ஏன் வாய்ப்பு இல்லை?

அந்த ஐந்து சாம்பியன்களில் சிலர் 12க்குக் கீழே இருந்து வருவதால். 2025இல் டுலேன் 20ஆம் இடத்திலும் ஜேம்ஸ் மாடிசன் 24ஆம் இடத்திலும் இருந்து, சாம்பியன்கள் என்ற தகுதியில் உள்ளே வந்தன. இரண்டு இடங்கள் போனதால் கோடு 10இல் விழுந்தது. 11ஆம் இடத்து நோட்டர் டேமும் 12ஆம் இடத்து பிரிகாம் யங்கும் வெளியே. 2024இல் அரிசோனா ஸ்டேட் 12ஆம் இடத்திலும் கிளெம்சன் 16ஆம் இடத்திலும் இருந்து சாம்பியன்களாக உள்ளே வர, 11ஆம் இடத்து அலபாமா வெளியேறியது.

நவம்பரில் உங்கள் அணி 11 என்றால் மகிழ வேண்டாம். 10க்குள் வந்தபிறகு மூச்சு விடலாம்.

ஏசிசி பெரிய கான்ஃபரன்ஸ் ஆயிற்றே. 2025இல் அதன் சாம்பியனுக்கு ஏன் இடமில்லை?

அந்த ஆண்டு விதி, “மிக உயரத்தில் உள்ள ஐந்து சாம்பியன்கள்” என்று மட்டுமே சொன்னது. எந்தக் கான்ஃபரன்ஸுக்கும் தனி உறுதி இல்லை. ஏசிசியில் டியூக், மயாமி உட்பட ஐந்து அணிகள் கான்ஃபரன்ஸ் கணக்கில் 6-2 (ஆறு வெற்றி, இரண்டு தோல்வி) என்று இரண்டாமிடத்தில் சமமாக நின்றன. சமனுடைக்கும் விதிப்படி டியூக் இறுதி ஆட்டத்துக்குப் போய், வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 27-20 என்று வென்றது. ஆனால் மொத்தக் கணக்கில் டியூக் 8-5. இரண்டு சிறிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் அதைவிட மேலே இருந்தார்கள். ஏசிசியின் பெயரைக் காப்பாற்றியது, கான்ஃபரன்ஸ் இறுதிக்கே போகாத மயாமிதான்.

நோட்டர் டேம் 2025இன் கடைசி வாரம் ஆடவே இல்லை. பிறகு எப்படி இடம் இறங்கியது?

கடைசி வாரத்துக்கு முந்தைய வரிசை: 9 அலபாமா, 10 நோட்டர் டேம், 11 பிரிகாம் யங், 12 மயாமி. நோட்டர் டேமும் மயாமியும் 10-2. ஆகஸ்ட் 31 அன்று மயாமி நோட்டர் டேமை 27-24 என்று வென்றிருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே பிரிகாம் யங் நின்றவரை, குழு அந்த நேரடி முடிவைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிக் 12 கான்ஃபரன்ஸ் இறுதியில் பிரிகாம் யங் டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றுக் கீழே நகர்ந்தது. நோட்டர் டேமும் மயாமியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அப்போது நேரடி முடிவு செல்லுபடியானது. மயாமி 10, நோட்டர் டேம் 11.

முடிவு சரி, வழி தவறு என்பதே நியாயமான பார்வை. ஆகஸ்டில் நடந்த ஆட்டத்தை நவம்பர் முழுதும் பின்னுக்கு வைத்துவிட்டு டிசம்பரில் முன்னுக்கு எடுத்ததுதான் காயப்படுத்தியது. பிரிகாம் யங் தோற்ற அதே நாளில் எஸ்இசி கான்ஃபரன்ஸ் இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்ற அலபாமா 9ஆம் இடத்திலேயே நிலைத்தது அந்தக் காயத்தை ஆழமாக்கியது. மயாமியோ இறுதி ஆட்டம்வரை போய்த் தன் இடத்துக்குத் தகுதி காட்டியது.

எத்தனை தோல்விவரை தாங்கலாம்?

நான்கு அணிகள் மட்டும் இருந்த 2014 முதல் 2023 வரையிலான காலத்தில் இரண்டு தோல்வி கண்ட எந்த அணியும் உள்ளே வந்ததில்லை. தோல்வியே இல்லாமலும் வெளியே நின்ற அணி உண்டு: 2023இல் ஏசிசி சாம்பியனாக 13-0 என்று முடித்த ஃபுளோரிடா ஸ்டேட். அதன் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் கால் முறிந்து வெளியேறியதைக் காரணம் காட்டி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை நான்காமிடத்தில் வைத்தார்கள். களத்தில் வென்றதை, இனி என்ன ஆகுமோ என்ற யூகம் தோற்கடித்த நாள் அது.

12 அணிகள் முறையில் இரண்டு தோல்வி பொதுவாகத் தாங்கும். மூன்று தோல்வியோடு, சாம்பியன் தகுதி இல்லாமல் நுழைந்த முதல் அணி 2025 அலபாமா. மூன்றில் ஒன்று அந்தக் கான்ஃபரன்ஸ் இறுதித் தோல்வி. யாரிடம் தோற்றோம் என்பது எண்ணிக்கையைவிடக் கனமானது. 9-3 என்று முடித்த டெக்சஸ் அதே ஆண்டு டெக்சஸ் ஏ அண்ட் எம், ஓக்லஹோமா இரண்டையும் வென்றிருந்தது. பிளேஆஃபுக்குப் போன அணிகள் அவை. ஆனாலும் 4-8 என்று சீசனை முடித்த ஃபுளோரிடாவிடம் வாங்கிய 29-21 தோல்வி அதைக் கீழே இழுத்தது.

என் அணியின் வாய்ப்பை நானே கணக்கிடுவது எப்படி?

முதலில் கோட்டைக் கண்டுபிடியுங்கள். சாம்பியன் ஆகக்கூடிய ஐந்து பேரில் எத்தனை பேர் 12ஆம் இடத்திலோ அதற்குக் கீழேயோ இருப்பார்கள் என்று எண்ணி, 12இலிருந்து கழியுங்கள். அதுதான் உண்மையான கடைசி இடம்.

அடுத்து, உங்களுக்கு மேலே உள்ள அணிகளின் மீதி ஆட்டங்களைப் பாருங்கள். அவை தங்களுக்குள்ளேயே மோதினால் ஒன்று இறங்கியே தீரும். மேலே உள்ள மூன்று அணிகளின் மீதி எதிரணிகள் பலவீனமானவை என்றால், நீங்கள் வென்றாலும் ஏற இடமிருக்காது.

பிறகு பக்கத்து அணிகளோடு ஒப்பிடுங்கள்: நேரடி ஆட்டம் உண்டா, பொது எதிரணி உண்டா? இவை இல்லையென்றால் எதிரணி வலிமைதான் பேசும். கடைசியாகக் கான்ஃபரன்ஸ் இறுதி. அங்கே போனால் தோற்கும் ஆபத்து, போகாவிட்டால் வெற்றி சேர்க்கும் வாய்ப்பு இழப்பு. 7 அல்லது அதற்கு மேல் இருக்கும் அணி தோற்றாலும் பெரும்பாலும் பிழைக்கும். 9, 10இல் இருக்கும் அணிக்கு அது கத்தி மேல் நடை.

ஒன்றை மறக்காதீர்கள். எஃப்சிஎஸ் என்ற கீழ்ப்பிரிவு அணியை ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் குழுவின் கண்ணில் அது ஒன்றுமில்லை.

முதல் சுற்று ஓய்வு நல்லதா கெட்டதா?

2024இல் ஓய்வு பெற்ற நான்கு அணிகளும் (ஓரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட்) காலிறுதியில் தோற்றன. 2025இல் ஓஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா, டெக்சஸ் டெக் மூன்றும் தோற்றன. இண்டியானா மட்டும் அலபாமாவை 38-3 என்று நொறுக்கியது. எட்டில் ஏழு தோல்வி.

டிசம்பர் தொடக்கத்தில் கான்ஃபரன்ஸ் இறுதி ஆடிவிட்டுப் புத்தாண்டு வாக்கில் களமிறங்கினால் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. ஆஃபென்ஸின் (பந்தோடு தாக்கும் வரிசை) நேரக்கணக்குதான் முதலில் துருப்பிடிக்கும். எதிரே இருப்பது பத்து நாள் முன்பு ஆடிச் சூடேறிய அணி. இருந்தாலும் ஓய்வு வேண்டாம் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லமாட்டார்: வெல்ல வேண்டிய ஆட்டம் ஒன்று குறைகிறது, காயங்கள் ஆறுகின்றன.

ஒரு டிஃபென்ஸ் நல்லதா என்று எந்த எண்ணைப் பார்த்துச் சொல்வது?

தொலைக்காட்சி காட்டுவது ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை யார்டு (கஜம்) விட்டுக்கொடுத்தது என்பதை. இரண்டிலும் ஓட்டை உண்டு.

புள்ளிக் கணக்கில் டிஃபென்ஸ் பொறுப்பேற்க முடியாதவையும் சேர்ந்துவிடும். சொந்த குவார்ட்டர்பேக் வீசிய பந்தை எதிரணி பறித்து நேரே டச்டவுன் (கோல்கோட்டைக் கடந்து எடுக்கும் ஆறு புள்ளி) எடுத்தால், அந்தப் புள்ளியும் அணியின் கணக்கில் ஏறும். யார்டு கணக்கு ஆட்ட வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக ஆடும் ஆஃபென்ஸ் உள்ள அணியின் டிஃபென்ஸ் ஆட்டத்துக்கு 55 பிளே (தனித்தனித் தாக்குதல் முயற்சி) சந்திக்கும். வேகமாக ஆடும் அணியினுடையது 75 சந்திக்கும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் கொடுத்த மொத்த ரன்னைவிட ஓவருக்கு எத்தனை என்று பார்ப்போமே, அப்படி இங்கே பிளேவுக்கு எத்தனை யார்டு என்று பாருங்கள். 5க்குக் கீழே இருந்தால் நல்ல டிஃபென்ஸ். 4.5க்குக் கீழே என்றால் நாட்டின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று.

அதற்கும் அடுத்த படி, வெற்றி விகிதம். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு; ஒவ்வொன்றும் ஒரு டவுன். எதிரணி முதல் டவுனில் தேவையான யார்டில் 50 சதவீதம், இரண்டாம் டவுனில் 70 சதவீதம், மூன்றாம் நான்காம் டவுனில் முழுவதும் எடுத்தால் அது அவர்களுக்கு வெற்றிகரமான பிளே. ஒரு 60 யார்டு ஓட்டம் சராசரியைக் கெடுத்துவிடும்; இந்த விகிதத்தைக் கெடுக்காது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், தினமும் கசியும் டிஃபென்ஸா, எப்போதாவது பெரிதாக உடையும் டிஃபென்ஸா என்று தெரியும்.

பறித்த பந்துகளை மட்டும் வைத்துப் புகழாதீர்கள். கீழே விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஒரு சீசனில் விழவைத்த பந்தெல்லாம் கைக்கு வந்த அணி, அடுத்த சீசனில் அதே திறமையோடு சாதாரணமாகத் தெரியும். விழவைப்பதுதான் திறமை. 2025இல் டெக்சஸ் டெக் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) ஜேகப் ராட்ரிகஸ் தனியாளாக ஏழு முறை பந்தை விழவைத்தது அதனால்தான் பேசப்பட்டது.

எல்லாவற்றுக்கும் பிறகு அதே பழைய கேள்வி: யாருக்கு எதிராக? பலவீனமான ஆஃபென்ஸ்களைச் சந்தித்து வந்த அழகான எண்கள் டிசம்பர் இறுதியில் கரைந்துபோகும். எதிரணிக்கேற்பத் திருத்திய எஸ்பி பிளஸ், எஃப்பிஐ போன்ற அளவுகளை அதற்காகத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டத் தடுப்பில் (பந்தோடு ஓடுவோரை நிறுத்துவதில்) முதலிடம் என்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. காலேஜ் கணக்கில், குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் ‘சாக்’ என்ற தடுப்பில் இழந்த யார்டு, ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். தொழில்முறை என்எஃப்எல்லில் அது பாஸ் (வீசும் பந்து) கணக்கில் போகும். ஒரு கற்பனைக் கணக்கு: எதிரணி 30 முறை ஓடி 120 யார்டு எடுத்தது, ஐந்து சாக்கில் 40 யார்டு இழந்தது. தாளில் 35 ஓட்டம், 80 யார்டு, சராசரி 2.3 என்று வரும். உண்மையில் ஓட்டத்துக்கு 4 யார்டு கொடுத்திருக்கிறீர்கள். 2025 ஜனவரி ரோஸ் பௌலில் ஓஹாயோ ஸ்டேட் எட்டு சாக் எடுத்தபோது ஓரிகனின் ஓட்டக் கணக்கு மைனஸ் 23 யார்டு என்று பதிவானது இந்த முறையால்தான்.

அண்மைக்காலத்தில் அளவுகோலாக நிற்கும் டிஃபென்ஸ்கள் எவை?

2011 அலபாமா முதலில். ஆட்டத்துக்கு 8.2 புள்ளிதான் கொடுத்தது. நவம்பரில் எல்எஸ்யூவிடம் 9-6 என்று கூடுதல் நேரத்தில் தோற்ற அதே அணி, ஜனவரி இறுதியில் எல்எஸ்யூவை 21-0 என்று முடக்கியது. அந்த இரவில் எல்எஸ்யூ எடுத்தது 92 யார்டு. நடுக்கோட்டை அவர்கள் கடந்தது ஒரே முறை.

2021 ஜார்ஜியா ஆழமாகப் படிக்க வேண்டிய அணி. 12 ஆட்டத்தில் கொடுத்தது 83 புள்ளி. ஆனால் எஸ்இசி இறுதியில் அலபாமா அவர்கள்மேல் 41 புள்ளி குவித்தது. குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை ஒருமுறைகூட அவர்களால் வீழ்த்த முடியவில்லை. ஐந்து வாரம் கழித்துத் தேசிய இறுதியில் அதே யங்கை நான்கு முறை வீழ்த்தினார்கள். அலபாமா நான்கு முறை ஃபீல்டு கோலோடு (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) திரும்ப வேண்டிவந்தது. கீலி ரிங்கோ பந்தைப் பறித்து 79 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தார், 33-18. அடுத்த என்எஃப்எல் டிராஃப்ட்டின் (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் அந்த டிஃபென்ஸிலிருந்து ஐந்து பேர் போனார்கள். டிராவன் வாக்கர் முதல் தேர்வு.

2023 மிச்சிகன் ஆட்டத்துக்கு 10.4 கொடுத்தது. ரோஸ் பௌலில் அலபாமாவை ஆறு முறை வீழ்த்தி, கூடுதல் நேரத்தில் கோல்கோட்டுக்கு மூன்று யார்டு தள்ளி நான்காம் டவுனில் நிறுத்தியது. 2024 ஓஹாயோ ஸ்டேட் 12.9, டெக்சஸுக்கு எதிரான காட்டன் பௌலில் ஜாக் சாயர் பந்தை விழவைத்துத் தானே எடுத்து 83 யார்டு ஓடியது அதன் முத்திரை. 2025இல் ஒருங்கிணைப்பாளர் மாறி மாட் பட்ரிஷியா வந்தபிறகும் ஓஹாயோ ஸ்டேட் 9.3க்கு இறங்கி நாட்டில் முதலிடம் பிடித்தது. ஆனால் மயாமி அவர்களைக் காலிறுதியில் 24-14 என்று வென்றது.

சீசனில் நல்ல டிஃபென்ஸுக்கும் பிளேஆஃபில் வெல்லும் டிஃபென்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

நான்கு பேரை மட்டும் அனுப்பி குவார்ட்டர்பேக்கை நெருக்க முடியுமா என்பதுதான். சாதாரண எதிரணியை ஐந்து, ஆறு பேரை அனுப்பி மிரட்டலாம். பிளேஆஃப் தர குவார்ட்டர்பேக் கூடுதல் ஆள் எங்கிருந்து வருகிறார் என்று பந்து கைக்கு வரும் முன்பே படித்துவிட்டு, அவர் விட்டுவந்த இடத்திலேயே வீசுவார். நான்கு பேர் போதும் என்றால் பின்னால் ஏழு பேர் காவல் நிற்கிறார்கள், வீச வழியில்லை.

2025 மயாமி இதற்குச் சரியான சான்று. ரூபன் பெயின், அகீம் மெசிடோர் என்ற இரண்டு முனை வீரர்களை நம்பியே டெக்சஸ் ஏ அண்ட் எம்மை அதன் சொந்த மைதானத்தில் 10-3 என்று அடக்கியது. பிறகு ஓஹாயோ ஸ்டேட்டை ஐந்து முறை வீழ்த்தியது.

இரண்டாவது, கடைசி 20 யார்டு. அங்கே டச்டவுனை ஃபீல்டு கோலாக மாற்றுவது ஒவ்வொரு முறையும் நான்கு புள்ளி சேமிப்பு. ஜார்ஜியா அலபாமாவை அந்தத் தேசிய இறுதியில் 18இல் நிறுத்தியது இப்படித்தான்.

காலேஜில் டிஃபென்ஸ் ஆடுவது என்எஃப்எல்லைவிடக் கடினம் என்கிறார்களே?

சில விஷயங்களில் ஆம். பிளே தொடங்கும் இடத்தின் எல்லையைக் குறிக்கும், களத்தின் நடுவே உள்ள ஹாஷ் கோடுகள் காலேஜில் 40 அடி இடைவெளி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் மறுபக்கம் பெரிய வெட்டவெளி. அதைக் காக்க வேகமான ஆள் வேண்டும். ஐந்து பின்கள வீரர்களோடு ஆடும் 4-2-5 இன்று வழக்கமான அமைப்பாகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, பாஸ் பிளேயில் ஆஃபென்ஸின் முன்வரிசையான லைன் வீரர்கள் மூன்று யார்டுவரை முன்னேறலாம். என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் குவார்ட்டர்பேக் முடிவெடுக்கும் ஆர்பிஓ இதனால் கொடுமையாக வேலை செய்கிறது. லைன் வீரர் முன்னேறுவதைப் பார்த்து ஓட்டம் என்று லைன்பேக்கர் பாய்வார். பந்து அவர் தலைக்கு மேலே போகும்.

டிஃபென்ஸ் மட்டும் இருந்தால் போதுமா?

2023 ஐயோவாவைப் பாருங்கள். விஸ்கான்சினை 15-6, நார்த்வெஸ்டர்னை 10-7, நெப்ராஸ்காவை 13-10 என்று வென்று, டிஃபென்ஸும் பன்ட்டும் (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விடுவது) தூக்கிச் சுமந்து பிக் டென் இறுதிவரை போனார்கள். அங்கே மிச்சிகனிடம் 26-0. சிட்ரஸ் பௌலில் டென்னசியிடம் 35-0. ஆஃபென்ஸ் மூன்று பிளேயில் திரும்பிக்கொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட டிஃபென்ஸும் மூன்றாம் கால்மணியில் கால் தளரும்.

நல்ல டிஃபென்ஸ் சீசன் நடுவே ஏன் திடீரென்று சரிகிறது?

பெரும்பாலும் மாற்று வீரர் இல்லாமை. இரண்டாம் பாதியில் டார்கெட்டிங் (தலையைக் குறிவைத்து மோதுவது போன்ற) தவறுக்காக வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் ஆட முடியாது. அந்த இடத்துக்கு அனுபவமில்லாத ஆள் வந்தால் எதிரணி அவரைத் தேடித் தேடி வீசும். முன்வரிசை நடுவீரர் காயமடைந்தால் ஓட்டத் தடுப்பு மொத்தமும் ஆடும். நவம்பரில் ஒருங்கிணைப்பாளருக்கு வேறு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பதவி பேச்சு வந்தாலும் கவனம் சிதறும்.

சில நேரம் சரிவே இல்லை. 35 புள்ளி முன்னிலையில் இரண்டாம் வரிசை ஆட்கள் கொடுத்த இரண்டு டச்டவுன் எண்களை அசிங்கமாக்கியிருக்கும். எந்தக் கால்மணியில் போன புள்ளி என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்க்க எந்த நேரம்?

செப்டம்பர், அக்டோபரில் அமெரிக்கக் கிழக்கு நேரம் சனி மதியம் 12 மணி ஆட்டம் நமக்கு இரவு 9:30. அங்கே 3:30 என்றால் ஞாயிறு அதிகாலை 1:00. மாலை 7:30 என்றால் காலை 5:00. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரம் மாறுவதால் அதிலிருந்து எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். செவ்வாய் மாலை வரும் குழுப் பட்டியல் நமக்குப் புதன் காலை கிடைக்கும். ஒரு வாரத்தில் ஓர் ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால், முதலிடத்து அணி ஆடுவதைவிட 8 முதல் 14 வரை உள்ள இரண்டு அணிகள் மோதுவதைத் தேர்ந்தெடுங்கள்.